சோலையம்மாள் போன ராமேஸ்வரம்

சோலையம்மாள் கடல் பார்த்தவள் என்பதில் வில்லாபுரத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எந்தக் கடல் என்பதில்தான் வழக்கு. அந்த வழக்கில் அவள் தோற்றுப் போனாள். எதிர்க்கட்சி அவள் புருஷன். ஒரே சாட்சியும் அவனேதான். அப்புறம் எப்படி ஜெயிக்கிறது?

பிறந்தது சோழவந்தானில். அப்பனுக்கு வெற்றிலைக் கொடிக்கால். செருப்புக் காலோடு யாரும் கொடிக்காலுக்குள் நுழையக் கூடாது. வெயிலுக்கும் அதே சட்டம்தான் போலிருக்கிறது, வரப்போடு நின்றுவிடும். உள்ளே எப்போதும் ஈரம், நிழல், காரமான பச்சை வாசனை. வாய்க்கால் தண்ணீரில் கால் ஊற ஊற வளர்ந்த பிள்ளை அவள். ஆனால் பெரிய தண்ணீர் பார்த்ததில்லை. வைகை இருக்கிறதே என்பீர்கள். வைகை பாதி வருஷம் மணல், மீதி வருஷம் ஈர மணல்.

கட்டிக் கொடுத்தது வில்லாபுரத்து வெள்ளைத்துரைக்கு. பெயர்தான் வெள்ளைத்துரை, ஆள் அடுப்புக்கரி. ஆரப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் சாவிக்கொத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற வேலை. யார் வந்தாலும் சிரிப்பான், யார் திட்டினாலும் சிரிப்பான். கல்யாணமான புதிதில் சோலையம்மாள் அதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

வீட்டில் முன்னறையாக ஒரு பத்தி, ஒரு அடுப்படி, ஒரு மாமியார். மாமியார் மாயக்காள் படுக்கிற இடம் பத்திக்கும் அடுப்படிக்கும் நடுவே நிலைப்படி. பத்தியில் மகன், அடுப்படியில் மருமகள். யாராவது எழுந்து போனால் மாயக்காளைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினால், "யாரது?" என்பாள். "தண்ணி குடிக்க" என்று பதில் வரும். இப்படி ஒன்பது வருஷம் தண்ணீர் குடித்தும் பிள்ளை பிறக்கவில்லையே என்று மாயக்காளுக்கு ஆச்சரியம்.

லாட்ஜுக்கு அப்போதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வருவார்கள். முதுகில் ஆள் உயரத்துக்கு மூட்டை, காலில் அறுந்த செருப்பு. கோயில் பார்த்துவிட்டு, தேக்கடிக் காடு, மலையாளத்துக் கடற்கரை என்று போய்க்கொண்டே இருப்பார்கள். அப்படி வந்த ஒரு ஜோடி வார் அறுந்த நீல மூட்டை ஒன்றை அறையிலேயே விட்டுவிட்டுப் போனது. வெள்ளைத்துரை செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து வாரை இறுக்கித் தைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தான்.

மாயக்காள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். மூட்டையைச் சோலையம்மாளிடம் காட்டிக்கொண்டே சொன்னான்.

"அந்தப் பொம்பளைப் புள்ள புருஷனைப் பேரு சொல்லிக் கூப்பிடுது சோலை. அவனும் கோவமே படாம என்னான்னு திரும்பிப் பாக்குறான்."

"அடி ஆத்தி! அவ நாக்கு அழுகிராதா?"

"அழுகலையே. அந்த நாக்காலதான் ஆறு பரோட்டா தின்னுச்சு."

சோலையம்மாள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது. சிரிப்பு அடங்கியதும் மூட்டையைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, நம்மளும் இப்படிப் போனா என்ன?"

போனால் என்ன என்பது லேசான கேள்வியா? வில்லாபுரத்தில் புருஷனும் பொண்டாட்டியும் ஊர் சுற்றிப் பார்க்கவென்று தனியாகக் கிளம்பினால், ஒன்று சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போகிறார்கள், இல்லாவிட்டால் கடனுக்குப் பயந்து ஓடுகிறார்கள். பிள்ளையில்லாதவர்கள் சிரித்துக்கொண்டு பஸ் ஏறினால் அதைவிடக் கேவலம். சாமிக்கு என்று போகலாம். அதற்கும் மாயக்காள் முதல் ஆளாகச் சீட்டில் துண்டைப் போடுவாள்.

வெள்ளைத்துரை யோசித்தான். தெருக்கோடியில் இருந்த கோடாங்கி பேயாண்டிக்கு ஒரு பாட்டிலும் அவித்த முட்டையும் வாங்கிக் கொடுத்தான். அந்த வெள்ளிக்கிழமை பேயாண்டி உடுக்கையை அடித்துக் குறி சொன்னார்.

"மூணாமத்த நெழலு படக்கூடாது ஆத்தா! புருஷனும் பொண்டாட்டியுமாத் தனியா சேதுக்குப் போயி முங்கி எந்திரிக்கணும்! எட்டு நாளைக்கு வீட்டுப் பக்கம் திரும்பக்கூடாது!"

மாயக்காள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "எட்டு நாளு எதுக்குச் சாமி? இங்கன இருக்க ராமேஸ்வரம், ஒரு ராத்திரிப் பயணந்தான?"

உடுக்கை சற்று நின்றது. பேயாண்டி ஒரு கண்ணை மட்டும் திறந்து வெள்ளைத்துரையைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கண்ணையும் உருட்டினார்.

"சாமிக்கிட்டயே கணக்குக் கேக்குறியாடீ!"

மாயக்காள் தரையில் விழுந்து கும்பிட்டாள். எட்டு நாள் பாஸாகிவிட்டது.

வழியனுப்ப மாயக்காள் ரயிலடிக்கே வந்தாள். நீல மூட்டையைப் பார்த்து, "என்னடா இது கழுதைப் பொதி மாதிரி?" என்றாள். "ராமேஸ்வரத்துல குரங்கு ஜாஸ்திம்மா. கையில வச்சிருந்தாப் பிடுங்கிரும்" என்றான் மகன். பொய் சொல்வதில் அவனுக்கு அவ்வளவு சுளுவு இருப்பதைச் சோலையம்மாள் அன்றைக்கு ரசித்தாள். ராமேஸ்வரம் வண்டி கிளம்பியது. ஜன்னலில் கையாட்டினார்கள். கொஞ்ச தூரத்திலேயே சிலைமானில் இறங்கினார்கள். டவுன் பஸ் பிடித்து ஆரப்பாளையம் வந்து, கம்பம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெள்ளைத்துரை தலையில் துண்டு போட்டு முகத்தை மறைத்துக்கொண்டான். கூடலூர் தாண்டுகிற வரைக்கும் துண்டை எடுக்கவில்லை.

மலையேறுகிற பஸ்ஸில் வளைவுக்கு ஒரு தரம் வாந்தி எடுத்தாள். குமுளியில் இறங்கியதும் ஏலக்காய் வாசனை அடித்தது. உலகமே பாயசம் வைத்திருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. மறுநாள் மழையோடு மழையாகக் காட்டுக்குள் நடந்தார்கள். ஆகாசம் தெரியாத மரங்கள். மரத்தின் மேல் செடி, செடியின் மேல் பாசி, பாசியின் மேல் பூ. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏன் கழட்டுற? முள்ளு குத்தும்."

"கொடிக்கால் மாதிரி இருக்கு மாமா. செருப்போட நடக்க மனசு வரலை."

வெள்ளைத்துரை சிரிக்க வாயெடுத்தவன் அப்படியே அலறினான். கெண்டைக்காலில் அட்டை. ஒன்றல்ல, மூன்று. லாட்ஜில் மூட்டைப்பூச்சியோடு குடித்தனம் நடத்துகிற மனுஷன், அட்டையைப் பார்த்து ஒற்றைக்காலில் ஆடினான். அவள்தான் அவன் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கிச் சுட்டாள். இரண்டு அட்டை விழுந்தது. மூன்றாவதுக்கு அவன் காலை உதறியதில் பீடி அட்டையில் படாமல் சதையில் பொசுக்கென்று பட்டுவிட்டது. அவன் போட்ட சத்தத்தில் மேலே குரங்குகள் கிளை மாறின.

"கொல்லப் பாத்தியே கொலைகாரி!"

"ஆட்டுனது யாரு? நில்லுன்னா நிக்கணும்."

"நில்லு" என்று புருஷனைச் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

கோட்டயம், கொல்லம் என்று பஸ் மாறி மாறிப் போனார்கள். கொட்டை அரிசிச் சோறும் கப்பக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டார்கள். ஒரு சாயாக்கடைக்காரர் மூட்டையையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்து, ஓடிவந்த ஜோடியா என்று கேட்டார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் என்று வெள்ளைத்துரை சொல்லப் போனான். அதற்குள் சோலையம்மாள் முந்திக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினாள். கடைக்காரர் இரண்டு பழம்பொரி சும்மா கொடுத்தார்.

கடைசியில் வர்க்கலை. செம்மண் மலையை வெட்டி வைத்தது போல ஒரு செங்குத்துச் சரிவு, அதன் காலடியில் கடல். சோலையம்மாள் நின்றவள் நின்றபடியே இருந்தாள். இம்புட்டுத் தண்ணியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அலை வந்து காலடி மண்ணை உருவிக்கொண்டு போனபோது பயந்து அவன் கையைப் பிடித்தாள். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க. யாரும் "யாரது?" என்று கேட்கவில்லை.

அவன் தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டு கத்தினான்: "பேரு சொல்லிக் கூப்பிடு! அந்த வெள்ளைக்காரப் புள்ள மாதிரி!"

"மாட்டேன் போங்க!"

"கூப்பிட்டாத்தான் வருவேன். இல்லாட்டி இப்படியே லங்கைக்குப் போயிருவேன்!"

"மாமா, அலை வருது!"

"மாமா இங்க இல்லை!"

பெரிய அலையொன்று எழும்புவதைப் பார்த்தவள் நெஞ்சு கிழியக் கத்தினாள்: "வெள்ளைத்துரை!"

அலை இரைச்சலில் அது அவனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் கேட்டது. அவன் ஓடி வந்து மணலில் விழுந்து சிரித்தான். அவள் அழுதாள். ஏன் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றாள். அன்றைக்குப் பூராவும் பேர் சொல்லியே கூப்பிட்டாள். வெள்ளைத்துரை, சாயா குடி. வெள்ளைத்துரை, நண்டைப் பாரு. ஒன்பது வருஷத்தில் அவன் வேறொருவனாக இருந்தது அந்த எட்டு நாள்தான்.

திரும்புகிற நாளில்தான் தீர்த்த ஞாபகம் வந்தது. சேது போய் வந்தவர்கள் தெருவுக்கே தீர்த்தம் கொடுக்க வேண்டும். அந்தச் செம்மண் சரிவிலிருந்து கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறி வழிந்துகொண்டிருந்தது. சோலையம்மாள் ஒரு கேனில் பிடித்துக்கொண்டாள். "இதுவும் சாமி கொடுத்த தண்ணிதான" என்றாள். "சாமி கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான் வெள்ளைத்துரை.

தெரு முழுக்க வரிசையில் நின்று உள்ளங்கையில் வாங்கிக் குடித்தது. மாயக்காள் ஒரு கை குடித்துவிட்டு, ஒரு கை முழங்காலில் தடவிக்கொண்டாள். ஒரு வாரத்தில் முட்டிவலி போய்விட்டது என்று குழாயடியில் சத்தியம் செய்தாள். அவனியாபுரத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து கேட்டார்கள். மிச்சத்தை ஒரு பாட்டிலில் ஊற்றிச் சாமி மாடத்தில் வைத்து, "சாகயில என் மருமக கையால இதைத்தான் என் வாயில ஊத்தணும்" என்றாள். அடுப்படியில் சோலையம்மாளும் வெள்ளைத்துரையும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

சிரிப்பு இரண்டு வருஷம் தாங்கியது. பிள்ளை வரவில்லை. மாயக்காள் தன் தம்பி மகள் ரெங்கம்மாளை மகனுக்கு இரண்டாந்தாரமாகக் கேட்டாள். அதற்குப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களைக் கூட்டினாள். பெரிய தலைக்கட்டு விருமாண்டி வந்தார். சோலையம்மாளின் அண்ணன் பேச்சிமுத்து சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கட்டோடு வந்தான். பேயாண்டியும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

காலையில் வெள்ளைத்துரை முகம் கழுவப் பின்பக்கம் வந்தபோது சோலையம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"ராமேஸ்வரத்தை வச்சுத்தான் பேசப் போறாக. போகலைன்னு சொல்லிருவீகள்ல?"

"நான் பாத்துக்கிறேன்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு லாட்ஜுச் சிரிப்பு.

கூட்டத்தில் மாயக்காள் வளர்த்தவில்லை. "ராமநாதசாமியே கையை விரிச்சுட்டாரு. இருபத்திரண்டு தீர்த்தத்துலயும் முங்கி எந்திரிச்சவளுக்கு இன்னும் ஒண்ணும் தங்கலைன்னா, குத்தம் யாரு மேல? சாமி மேலயா?"

பேச்சிமுத்து தலையைக் குனிந்தான். "சாமியை நாம என்னத்தச் சொல்றது" என்றான்.

அடுப்படி நிலைப்படியிலிருந்து சோலையம்மாள் சொன்னாள்: "நாங்க ராமேஸ்வரமே போகலை."

"என்னடி ஒளர்ற?"

"மலையாளத்துக்குப் போனோம். காடு பாத்தோம், கடல் பாத்தோம். தண்ணி வர்க்கலையில பிடிச்சது."

"அப்ப என் முட்டியில தடவுனது என்னதுடி?" என்று மாயக்காள் எழுந்தேவிட்டாள். எழுந்த வேகத்தைப் பார்த்தால் முட்டி நன்றாகத்தான் இருந்தது. ரெண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மாயக்காள் முகத்தில் அறைந்த மாதிரி விழுந்ததை வெள்ளைத்துரை பார்த்தான்.

விருமாண்டி கேட்டார்: "கோடாங்கி, நீதான அனுப்புன?"

"நான் சேதுக்குத்தான் அனுப்புனேன்" என்றார் பேயாண்டி. அதுவும் உண்மைதானே.

"அவுக கெண்டைக்காலைப் பாருங்க" என்றாள் சோலையம்மாள். "அட்டை கடிச்சு நாந்தான் பீடியால சுட்டேன். தழும்பு இருக்கும். ராமேஸ்வரத்து மணல்ல ஏது அட்டை?"

வெள்ளைத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றிருந்தான். எல்லார் தலையும் அவன் காலுக்குத் திரும்பியது. அவன் மடிப்பை அவிழ்த்து வேட்டியைத் தழைய விட்டான். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கிறான் என்று விருமாண்டி தலையை ஆட்டிக்கொண்டார்.

சோலையம்மாளுக்குக் காதுக்குள் அலை இரைந்தது. அவளை அறியாமல் குரல் வந்தது.

"வெள்ளைத்துரை! காட்டு காலை!"

காபி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். மாயக்காள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பேரைச் சொல்லிட்டாளே! கட்டுனவன் பேரை நடுச்சபையில சொல்லிட்டாளே!" பேச்சிமுத்து தங்கச்சியை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். ராமேஸ்வரமா மலையாளமா என்பது அத்தோடு எல்லாருக்கும் மறந்து போயிற்று.

விருமாண்டி வெள்ளைத்துரையிடம் திரும்பினார். "ஏப்பா, இதுக்கு முன்னாடியும் உன்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காளா?"

நான்தான் கூப்பிடச் சொன்னேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். சோலையம்மாள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டாந்தாரம் வந்தால் வரட்டும், இந்த ஒரு வார்த்தை மட்டும் வந்தால் போதும் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

"இல்லை" என்றான் வெள்ளைத்துரை. மூச்சு வாங்கிக்கொண்டு, "ராமேஸ்வரத்துக்குத்தான் போனோம்" என்றான்.

சோலையம்மாள் உள்ளே போய் நீல மூட்டையில் சேலைகளைத் திணித்து முதுகில் மாட்டிக்கொண்டு அண்ணனுக்கு முன்னால் தெருவில் இறங்கினாள். பொண்டுபிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். "கழுதைப் பொதி" என்று ஒரு வாண்டு கத்தியது.

ரெங்கம்மாள் வந்தாள். அவளுக்கும் தங்கவில்லை. அவளையும் ராமேஸ்வரம் அனுப்பினார்கள், இந்தத் தடவை நிஜமாகவே. மாயக்காளே கூடப் போய் ஒவ்வொரு கிணறாக வாளித் தண்ணீர் ஊற்றி நனைத்துக் கூட்டி வந்தாள். அப்போதும் இல்லை. வெள்ளைத்துரையைப் பற்றிப் பேச யாரும் கூட்டம் போடவில்லை.

சோலையம்மாள் கொடிக்காலிலேயே கிடந்தாள். கொடி கட்டுவாள், வெற்றிலை கிள்ளுவாள், கட்டி அடுக்குவாள். கூட வேலை செய்கிற பெண்கள் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லுவாள். காட்டைப் பற்றியும் சொல்லுவாள். ராமேஸ்வரத்தில் காடா என்று கேட்டவளுக்கு, "எனக்கு வாய்ச்ச ராமேஸ்வரத்துல இருந்துச்சு" என்றாள்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு நாள் மத்தியானம் வெள்ளைத்துரை வந்தான். தலை நரைத்திருந்தது. வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்து, சேற்றுக்காக வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கொடிக்காலுக்குள் வந்தான். கெண்டைக்காலில் தழும்பு ஒரு சின்ன நாவல்பழம் மாதிரி அப்படியே இருந்தது. சோலையம்மாள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

"வாங்க" என்றாள், முன்பின் தெரியாத ஆளைச் சொல்வது போல.

"அம்மாவுக்கு முடியலை. இன்னைக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டு இருக்கு" என்றான். "அந்தத் தண்ணியைக் கேக்குது. பாட்டில்ல பாசி புடிச்சிருக்குன்னு ரெங்கம்மா எப்பவோ கழுவி ஊத்திட்டா. வேற எது கொடுத்தாலும் துப்புது. உன் கையால வேணுமாம்."

சோலையம்மாள் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

"சோலை, நீ ஏதாச்சும் மிச்சம் வச்சிருக்கியா?"

சோலையம்மாள் குடத்தடியில் கிடந்த சொம்பை எடுத்தாள். வாய்க்காலில் இறங்கி, மேலே மிதந்த வெற்றிலைச் சருகைக் கையால் விலக்கி, தெளிந்த தண்ணீராகப் பார்த்து மொண்டாள். ஒரு கொழுந்து வெற்றிலையைக் கிள்ளிச் சொம்பின் வாயை மூடி, சிந்தாமல் அவன் கையில் கொடுத்தாள்.

"மெதுவா ஊத்துங்க. அத்தைக்குச் சீக்கிரம் புரையேறும்."

"இது..." என்று இழுத்தான்.

"ராமேஸ்வரத்துத் தண்ணின்னு சொல்லுங்க" என்றாள் சோலையம்மாள். "நீங்க சொன்னா நம்புவாக."